ஸ்நூக்கர்: பலமாக அடித்தும் வெள்ளைப் பந்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

ஸ்நூக்கர் பந்தின் எடை ஏறத்தாழ 140 கிராம். பந்தை அடிக்கும் கோலான கியூ அரைக் கிலோவை ஒட்டி இருக்கும், பெரும்பாலும் 17 முதல் 19 அவுன்ஸ். அவ்வளவு கனமான ஒன்றை வைத்து இவ்வளவு லேசான பந்தை ஓட்டத் தோள் பலம் எதற்கு? டிப் (கியூவின் தோல் நுனி) பந்தைத் தொடும் கணத்தில் கியூ வேகமாகவும் நேராகவும் போய்க்கொண்டிருந்தால் போதும். புதிதாக ஆட வருபவர்கள் பலமான ஷாட் என்றதும் பிடியை இறுக்கி, தோளையும் சேர்த்து வீசுகிறார்கள். இறுகிய கை மெதுவாக நகரும், கோணலாகவும் நகரும். குறிவைத்த சிவப்புப் பந்து பாக்கெட் (மேசை ஓரத்துக் குழி) வாயில் முட்டி வெளியே வரும், கியூவால் அடித்த வெள்ளைப் பந்து மேசையைச் சுற்றிவந்து ஏதாவது ஒரு பாக்கெட்டில் விழும்.

பலமும் கட்டுப்பாடும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நீங்கள் குறிவைத்த புள்ளியில் டிப் சுத்தமாகப் பட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். வலது கைக்காரர்களுக்கு எழுதியிருக்கிறோம், இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: டிப்பும் சாக்கும்

கிளப்பில் சுவரோரம் நிற்கும் கியூக்களில் ஒன்றை எடுத்தால் முதலில் டிப்பைப் பாருங்கள். 9.5 மி.மீ. அளவுள்ள டிப், மேலே வளைவாக இருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்து, பளபளவென்று கண்ணாடி போல் இறுகியிருந்தால் அதில் சாக் (வழுக்காதிருக்க டிப்பில் பூசும் சுண்ணம்) ஒட்டாது. சாக் இல்லாத டிப்பால் வெள்ளையின் அடிப்பகுதியைப் பலமாக அடித்தால் டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆகும். கியூவை மேசைமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் வளைந்திருக்கிறது, வேறு எடுங்கள்.

சாக்கைத் திருகித் தேய்க்க வேண்டாம். டிப்பின் ஓரங்கள் முழுவதும் படும்படி லேசாகத் தடவுங்கள். நடுவில் மட்டும் பூசுவது பலருக்குப் பழக்கம். ஆனால் ஸ்க்ரூ (வெள்ளை பின்னால் வரும்படி அதன் கீழ்ப்பகுதியில் அடிப்பது) அடிக்கும்போது பந்தைத் தொடுவது டிப்பின் மேல் ஓரம்தான்.

படி 2: நிற்பது, குனிவது

ஷாட்டின் கோட்டில் வலது காலை வைத்து, இடது காலைச் சற்று முன்னும் பக்கவாட்டிலும் வையுங்கள். குனிந்ததும் முகவாய் கியூவை லேசாகத் தொட வேண்டும். யாராவது தோளில் மெல்லத் தள்ளினால் அசையாமல் நிற்க முடிகிறதா? அப்படியானால் நிற்பது சரி. பலமான ஷாட்டுக்காகத் தனியாக வேறு மாதிரி நிற்கத் தேவையில்லை.

படி 3: பிரிட்ஜ்

பிரிட்ஜ் என்பது கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கை. இடது உள்ளங்கையை மேசைத் துணியில் வைத்து, விரல்களை நன்றாக விரித்து, நுனிகளால் துணியைப் பற்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி உயர்த்தினால் கியூ ஓடும் பள்ளம் கிடைக்கும். பிடிக்கும் கை தளர்வாக இருக்க வேண்டும், பிரிட்ஜ் கை உறுதியாக இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பிரிட்ஜுக்கும் வெள்ளைக்கும் இடையே 25 செ.மீ. முதல் 30 செ.மீ. இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் கியூவைப் பின்னால் இழுக்க இடம் இருக்காது, கூடினால் டிப் எங்கே படும் என்ற உறுதி போய்விடும்.

வெள்ளையைக் கீழே அடிக்க வேண்டுமென்றால் பிரிட்ஜ் கையைத் தட்டையாக்கிப் பள்ளத்தை இறக்குங்கள். கியூவின் பின்பகுதியை உயர்த்தி டிப்பைக் கீழே கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்தால் மேலிருந்து கீழாக அடி விழும், வெள்ளை துள்ளும். துள்ளும் வெள்ளை அடுத்த பந்தின் மேல்பாகத்தில் பட்டு, கீழே அடித்ததால் கிடைத்த பின்சுழலும் (பின்னோக்கிய சுழற்சியும்) வீணாகும், குறியும் தப்பும். குஷனுக்கு (மேசை ஓரத்து ரப்பர் விளிம்புக்கு) மேலாகக் கியூ போக வேண்டியிருப்பதால் முழுச் சமமாக வைக்க முடியாது. முடிந்தவரை சமமாக வைத்தால் போதும்.

படி 4: பிடி

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வளையம், கியூ அதில் தொங்குகிறது. மற்ற மூன்று விரல்கள் வெறுமனே ஒட்டியிருக்கின்றன. பறவைக்குஞ்சைப் பிடிப்பது போல, நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. டிப் வெள்ளையின் அருகில் இருக்கும்போது முன்கை முழங்கையிலிருந்து நேர் கீழாகத் தொங்க வேண்டும். கை அதற்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால், பந்தைத் தொடும் கணத்தில் டிப் உயர்ந்தோ தாழ்ந்தோ போய்க்கொண்டிருக்கும்.

கியூவைப் பின்னால் இழுக்கும்போது கடைசி மூன்று விரல்கள் தாமாகத் திறக்கும், முன்னால் வரும்போது தாமாக மூடும். அந்த இயல்பைத் தடுக்காதீர்கள். எல்லா விரல்களாலும் இறுக்கிப் பிடித்தால் பின்னிழுப்பில் கியூவின் பின்பகுதி உயரும், கூடவே மணிக்கட்டு உட்பக்கம் மடங்கி டிப் பக்கவாட்டில் விலகும். மெதுவான ஷாட்டில் இந்த விலகல் ஒரு மி.மீ. கூட இருக்காது, பந்து விழுந்துவிடும். பலமான ஷாட்டில் அதே தவறு பெரிதாகி வெளியே தெரியும். ஆகவே ‘பலமா அடிச்சா மட்டும்தான் மிஸ் ஆகுது’ என்பவர்கள் முதலில் பிடியைப் பார்க்க வேண்டும்.

படி 5: பின்னிழுப்பு, நிறுத்தம், அடி

இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அவசரப்படாதீர்கள்.

முதலில் இரண்டு மூன்று முறை கியூவை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். டிப் போக வேண்டிய புள்ளிக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதற்கே இந்த ஓட்டம். பிறகு டிப்பை வெள்ளைக்கு ஒரு செ.மீ. முன்னால் நிறுத்தி, கண்ணை வெள்ளையிலிருந்து அடிக்கப்போகும் பந்துக்கு மாற்றுங்கள். இனி கண் அங்கேயே இருக்க வேண்டும்.

இப்போது கியூவைப் பின்னால் இழுங்கள், மெதுவாக. பலமான ஷாட்டுக்கு டிப் பிரிட்ஜ் விரல்களை நெருங்கும்வரை இழுக்கலாம். மெல்லிய ஷாட்டுக்கு 8 அல்லது 10 செ.மீ. போதும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த நீளத்தில் இருக்கட்டும். குறுகிய இழுப்பை வைத்துக்கொண்டு கடைசி நொடியில் வெடுக்கென்று குத்துவதுதான் கட்டுப்பாடு போவதற்கு முதல் காரணம்.

இழுத்த இடத்தில் ஒரு நொடியின் சிறு பகுதி நில்லுங்கள். பின்னோக்கிப் போகும் கை முன்னோக்கித் திரும்ப அந்த இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும் இடத்தில் தோள் உதறி, கியூ கோட்டை விட்டு விலகும்.

அடிக்கும்போது மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். உச்ச வேகம் டிப் வெள்ளையைத் தொடும் கணத்தில் இருக்க வேண்டும். தொடும் வரை முழங்கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், முன்கை மட்டும் ஊசலாடட்டும். தொட்ட பிறகு முழங்கை இறங்குவது பலமான ஷாட்டில் இயல்பு. பிடித்த கை மார்பில் வந்து முட்டி நிற்க வேண்டும். டிப் வெள்ளை இருந்த இடத்தைத் தாண்டி 20 செ.மீ. போயிருக்கும்.

டிப் பந்தைத் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். அதற்குள் பந்து போய்விடுகிறது, பிறகு கியூ எவ்வளவு நீண்டு போனாலும் பந்துக்குத் தெரியாது. அப்படியிருக்க ஏன் தாண்டிப் போகச் சொல்கிறோம்? தாண்டிப் போகும் கியூ, தொடும் கணத்தில் வேகம் குறையாமல் இருந்தது என்பதற்கு அடையாளம். நிறுத்தப் பார்க்கும் கை தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும்.

அடித்த பின் பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கேட்கும்வரை தலை அசையக் கூடாது. கியூவும் நீட்டியபடியே இருக்கட்டும். நேரான கியூ ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டீவ் டேவிஸின் 1980கள் ஆட்டங்களையும், 2010 உலக சாம்பியன் நீல் ராபர்ட்சனையும் பாருங்கள். ஜட் டிரம்ப் அடிக்கும் ஸ்க்ரூ கண்ணைப் பறிக்கும், ஆனால் அவர் கியூவை ஓட்டும் விதம் அவருக்கே உரியது. தொடக்கத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 6: வெள்ளையில் எங்கே தொடுவது

பந்தின் விட்டம் 52.5 மி.மீ. மையத்திலிருந்து சுமார் 13 மி.மீ. வரை, அதாவது மையத்துக்கும் விளிம்புக்கும் பாதி தூரம் வரை, டிப் வழுக்காமல் பிடிக்கும். அதற்கு வெளியே தொட்டால் மிஸ்க்யூ.

ஸ்டன் என்றால், அடுத்த பந்தில் மோதும் கணத்தில் வெள்ளையிடம் முன்சுழலும் இருக்காது, பின்சுழலும் இருக்காது. நேர் ஷாட்டில் வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்கும். கோணத்தில் மோதினால் அடிபட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாகப் போகும். ஸ்க்ரூ என்றால் மோதும்போதும் பின்சுழல் மிச்சம் இருக்கிறது, வெள்ளை பின்னால் வரும்.

துணி பின்சுழலைத் தின்றுகொண்டே இருக்கும், அதை மறக்காதீர்கள். மையத்துக்குக் கீழே அடித்த வெள்ளை முதலில் பின்சுழலோடு சறுக்கும், பிறகு சுழல் தீரும், பிறகு முன்னோக்கி உருளத் தொடங்கும். தூரம் கூடக்கூடச் சுழல் தீர நேரம் கிடைக்கிறது. 30 செ.மீ. தூரத்தில் நன்றாக வரும் ஸ்க்ரூ 1 மீட்டரில் வராமல் போவது இதனால்தான். அப்போது இன்னும் கீழே அடித்து மிஸ்க்யூ செய்துகொள்ளாமல் வேகத்தைக் கூட்டுங்கள். வேகமாகப் போகும் வெள்ளை சுழல் தீருமுன் போய்ச் சேர்ந்துவிடும்.

பலமான ஷாட்டில் சைட் (மையத்துக்கு இடமோ வலமோ அடித்துத் தரும் பக்கச்சுழல்) வேண்டாம், இப்போதைக்கு. மையத்துக்கு வலப்புறம் அடித்தால் வெள்ளை இடப்புறம் சற்று விலகித்தான் கிளம்பும். நீண்ட ஷாட்டில் அந்த விலகலே குறியைக் கெடுக்கப் போதும். மேல் கீழ் கோட்டில் துல்லியம் வந்த பிறகு சைடைத் தொடலாம்.

பயிற்சிகள்

முதல் பயிற்சிக்கு வெள்ளை மட்டும் போதும். அதைப் பிரவுன் புள்ளியில் வைத்து, நீலம், பிங்க், கருப்புப் புள்ளிகளின் மேலாக மேல் குஷனுக்கு அடியுங்கள். அதே கோட்டில் திரும்பி வந்து உங்கள் டிப்பில் பட வேண்டும். வலப்புறமாகத் திரும்பினால் மையத்துக்கு வலப்புறம் அடித்திருக்கிறீர்கள், இடமும் அப்படியே. மெதுவாக அடித்து நேராக வந்த பிறகு, மேசையின் நீளத்தை மூன்று தடவை கடக்கும் வேகத்துக்கும் பிறகு நான்கு தடவைக்கும் போங்கள். எந்த வேகத்தில் கோணலாகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் எல்லை. ஆட்டத்தில் அதைத் தாண்டி அடிக்காதீர்கள்.

இரண்டாவதற்கு நீலத்தை அதன் புள்ளியில் வையுங்கள். நடுப் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில், நீலத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வெள்ளை. பத்து முறை ஸ்டன் அடித்து, நீலத்தில் மோதிய இடத்திலேயே வெள்ளையை நிறுத்துங்கள். வெள்ளை பக்கவாட்டில் நகர்ந்தால் முழுப்பந்தாக மோதவில்லை, முன்னால் ஊர்ந்தால் போதிய அளவு கீழே அடிக்கவில்லை. நின்ற பிறகு ஒரு சாண் பின்னால் கொண்டுவாருங்கள், பிறகு இரண்டு சாண். அதன் பிறகே வெள்ளையை 60 செ.மீ. தள்ளி வைக்கலாம். படிகளைத் தாண்டினால் பழைய பிடி திரும்பிவிடும்.

கருப்பிலிருந்து சிவப்புக் கூட்டத்தை உடைப்பது

கருப்புப் புள்ளி மேல் குஷனிலிருந்து 32.4 செ.மீ. தள்ளி இருக்கிறது. முக்கோணமாக அடுக்கிய சிவப்புக் கூட்டம் கலையாமல் இருந்தால் அதன் கடைசி வரிசைக்கும் கருப்புக்கும் நடுவே 28 செ.மீ. அளவு இடைவெளி. வெள்ளையும் மேல் குஷனிலிருந்து கருப்பின் அதே தூரத்தில், பக்கவாட்டில் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். கருப்பை எதிர்ப்பக்க மூலைப் பாக்கெட்டில் போட ஏறத்தாழ 20 டிகிரி கோணம் கிடைக்கும். ஸ்டன் அடித்தால் வெள்ளை செங்குத்தாக விலகிப் போய்க் கடைசி வரிசையில் மோதும்.

இங்கே பலம் ஏன் தேவை? இந்தக் கோணத்தில் மோதிய பிறகு வெள்ளையிடம் மிஞ்சுவது அதன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மீதி கருப்போடு போய்விடுகிறது. மெதுவாக அடித்தால் வெள்ளை கூட்டத்தில் ஒட்டி நிற்கும், அடுத்த சிவப்பு கிடைக்காது. வெள்ளை மேல் குஷனுக்கு இன்னும் அருகில் இருந்தால் கோணம் பெரிது, குறைந்த பலமே போதும். முன்சுழல் சேர்ந்துவிட்டால் வெள்ளை பாக்கெட் பக்கமாக வளைந்து கூட்டத்தைத் தவறவிடும். பின்சுழல் அதிகமானால் நீங்கள் நிற்கும் பக்கமாக வளையும். நீலத்திலிருந்து உடைப்பது இதைவிடக் கடினம். 1990களில் ஸ்டீபன் ஹெண்ட்ரி அதைத் தன் ஆட்டத்தின் அடையாளமாகவே ஆக்கினார்.

பிழையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

பந்து எப்போதும் ஒரே பக்கம் தவறினால் குறியிலோ நிற்பதிலோ கோளாறு. ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்றால் பிடி இறுகுகிறது, அல்லது தலை எழும்புகிறது. ஸ்க்ரூ அடிக்கப் போய் ஸ்டன் ஆனால், பயந்து கடைசிக் கணத்தில் டிப்பை மையத்துக்கு உயர்த்தியிருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கிறது. நண்பரை விட்டுப் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும்.

பந்து பாக்கெட் வாயில் ஆடி வெளியே வந்தால், அடித்த விதத்தைவிட, பலமாக அடிக்கலாம் என்று எடுத்த முடிவில் தவறு இருக்கலாம். மெதுவாக வரும் பந்து வாயின் ஓரத்தில் பட்டாலும் உள்ளே விழும், வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டுமே திறந்திருக்கிறது. குஷனை ஒட்டி வரும் பந்தைப் பலமாக அடித்தால் இன்னும் மோசம். வெள்ளையை வேறு வழியில் கொண்டுபோக முடியுமானால் அங்கே மெதுவாகவே அடியுங்கள்.

வேகமாகக் குஷனில் மோதும் வெள்ளை ரப்பரில் அமுங்கி, மெதுவாக மோதும்போது திரும்பும் கோணத்தைவிடக் குறுகலாகத் திரும்பும். மழை நாளிலும் கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் துணி ஈரம் குடித்து வேகம் குறையும். அதனால் போன வாரம் சரியாக வந்த பலம் இன்று அப்படியே வராது. ஆட்டம் தொடங்குமுன் பிரவுன் புள்ளியிலிருந்து நான்கைந்து முறை அடித்து, அன்றைய மேசையில் எந்த இழுப்புக்கு எத்தனை நீளம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.