முருங்கை விதையால் தண்ணீர் தெளியாமல் போவது ஏன்?

முருங்கைப் பருப்பில் நேர்மின்னேற்றமுள்ள புரதம் இருக்கிறது. கலங்கல் நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படியும். இவ்வளவு எளிய வேலை சொதப்புவது பெரும்பாலும் விதையிலும் கலக்கும் விதத்திலும்தான்.

பச்சைக் காயின் விதை உதவாது. நெற்று மரத்திலேயே காய்ந்து பழுப்பான பிறகு பறித்து, ஓட்டை நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் இடிக்க வேண்டும். கறுத்ததும் பூஞ்சை பிடித்ததும் வேண்டாம். செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கும் நன்றாகவே வேலை செய்யும். பலர் அதை வீணாக்குகிறார்கள்.

பொடியை நேரே குடத்தில் கொட்டுவது அடுத்த தவறு. 1 கிராம் பொடியை 100 மில்லி சுத்தமான நீரில் 5 நிமிடம் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, வடியும் பால்போன்ற கரைசலை (இனி 'பால்') மட்டும் ஊற்ற வேண்டும். அன்றன்றைக்குத் தயாரிப்பதே நல்லது.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரே கலங்கல் நீரை நான்கு பாத்திரங்களில் லிட்டர் லிட்டராக எடுத்து, 5, 10, 15, 20 மில்லி பால் விட்டுப் பாருங்கள். எதில் குறைந்த அளவிலேயே நன்றாகத் தெளிகிறதோ அதுவே உங்கள் அளவு. கூடுதலாக விட்டால் துகள்களின் மின்னேற்றமே நேர்மாறாக மாறி, ஒன்றையொன்று விலக்கி, மறுபடி கலங்கும். தெளியவில்லையே என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதல் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள், பிறகு 10 முதல் 15 நிமிடம் மிக மெதுவாக. கடைசிவரை வேகமாகக் கலக்கினால் திரண்டது உடையும். அப்புறம் ஒரு மணி நேரமாவது அசைக்காமல் வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்தெடுங்கள்.

முருங்கைக்குப் பதில் தேற்றாங்கொட்டையால் நீரைத் தெளியவைப்போர் கவனிக்க: எட்டி மரமும் தேற்றா மரத்தின் பேரினம்தான், அதன் விதை கடும் நஞ்சு. தேற்றாங்கொட்டை சிறிய உருண்டை. எட்டிக்கொட்டை நாணயம்போலத் தட்டையாக, பட்டுப்போன்ற மயிருடன் இருக்கும். ஐயமிருந்தால் தொடவே வேண்டாம்.

தெளிந்த நீரை அப்படியே குடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கிருமிகளில் பெரும்பங்கு வண்டலோடு இறங்கினாலும் மிச்சம் இருக்கும். நீரில் தங்கிய விதைச் சத்தைத் தின்று பெருகும். கொதிக்கவைத்து, அன்றே பயன்படுத்துங்கள். குளோரின் போடுவதானால் தெளிந்து வடிகட்டிய பிறகு போடுங்கள். முன்பே போட்டால் கலங்கலே அதைத் தின்றுவிடும்.

கரைந்த உப்பு, நைட்ரேட், தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் உள்ள ஃபுளோரைடு இவற்றையெல்லாம் நீக்க இந்த முறையை நம்ப முடியாது. சாயக்கழிவில் நிறம் ஓரளவு குறையலாம், உப்பு அப்படியே இருக்கும்.