புகாட்டியும் பத்மினியும்: உப்புக்காற்றில் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

1924-இல் வந்த புகாட்டி டைப் 35 பந்தயக் காரையும் பிரீமியர் பத்மினியையும் ஒப்பிட்டு, "அது பூ மாதிரி, இது முரட்டு உழைப்பாளி" என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் கார் வைத்திருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகும்.

குதிரைத்திறன்

புகாட்டி எட்டு சிலிண்டர், 1991 சிசி. பத்மினி நான்கு சிலிண்டர், 1089 சிசி. இதில் போட்டி எங்கே?

கூட்டை விட்டு பெயின்ட்டைப் பார்ப்பது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் நிற்பதில்லை. புகாட்டிக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. மேலே போர்த்திய அலுமினியத் தகட்டைக் கழற்றினால் எலும்பெல்லாம் தெரியும். பத்மினிக்கு அது கிடையாது. தரைத்தகடு, தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' எல்லாம் சேர்ந்த கூடுதான் முதுகெலும்பு. சில் உள்ளே வெறும் காலி. தனுஷ்கோடி சாலையில் டயர் வாரியடிக்கும் மணல் அதன் வடிகால் துளையை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய உப்பு ஈரம் அங்கிருந்தே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உட்சுவர் போயிருக்கும். அதன்மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, பெயின்ட் அடித்து, பளபளவென்று விற்பார்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது.

அடுத்த கூத்து, முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டுவது. கார் நடுவில் தொய்யும். புதுச் சில்லை அந்தத் தொய்வோடே பற்றவைத்தால், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்குங்கள். கார் எடை சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் நிற்கட்டும். வயிற்றில் ஜாக்கி வேண்டாம். கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதுங்கள். கதவுகளைக் கழற்றி, வாசலுக்குக் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை டாக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) செய்யுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்து, கதவை மாட்டி, அளவு சரிபார்த்த பிறகே மறுபக்கம். கடைசியில் சில்லுக்குள் மெழுகுத் துருத்தடுப்பு. வடிகால் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவுவது

உப்பை உப்பால் கழுவ முடியாது. காவிரிக் குடிநீர் இரண்டு வாளி போதும், முதலில் அடிப்பக்கத்துக்கு.

அலுமினியத்துக்குத் துரு இல்லை என்பது

சிவப்புத் துரு இல்லை, அவ்வளவுதான். இரும்பு போல்ட் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். உடல் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் நைலான் வாஷர் போடுங்கள்.