பைசாவுக்கு நடந்த போட்டி: காற்றாலை ஏலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 பிப்ரவரியில் மத்திய அரசின் இந்திய சூரிய சக்திக் கழகம் நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில், அதாவது குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கே திட்டம் என்ற போட்டியில், யூனிட் விலை 3 ரூபாய் 46 பைசாவுக்கு இறங்கியது. அப்போது தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருந்த விலை 4 ரூபாய் 16 பைசா. அதே ஆண்டு அக்டோபரில் 2.64 ரூபாய், டிசம்பரில் குஜராத் மாநில ஏலத்தில் 2.43 ரூபாய் என்று விலை மேலும் சரிந்தது. ஆனால் 2016-17இல் சுமார் 5,500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவிய நாடு, 2017-18இல் 1,800 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. பழைய நிர்ணய விலைமுறைக்கும் புதிய ஏலமுறைக்கும் நடுவே போதிய கால அவகாசம் தராததே இதற்கு முக்கியக் காரணம். ஏலத்தின் விலை தெரிந்ததும் மாநில மின்வாரியங்கள் பழைய விலையில் கையெழுத்திடத் தயங்கின. ஏலத்தில் வென்ற திட்டங்களோ கட்டி முடிய இன்னும் காலம் இருந்தது.

இதைவிட ஆழமான தவறு ஏலம் நடத்திய விதத்தில் இருந்தது. இணையத்தில் நடக்கும் இறங்குமுக ஏலத்தில், எதிராளி ஒரு பைசா குறைத்தால் நாமும் குறைத்தாக வேண்டும். 100 மெகாவாட் காற்றாலை தன் திறனில் 35 விழுக்காடு அளவுக்கு ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி யூனிட் கிடைக்கும்; ஒரு பைசா என்பது ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய். பிப்ரவரி விலைக்கும் அக்டோபர் விலைக்கும் இடையிலான 82 பைசாவைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 25 கோடி ரூபாய் வருகிறது. இயந்திரச் செலவு எட்டு மாதத்தில் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்பதால், வென்றவர்கள் பலர் தாங்கள் கேட்ட விலைக்குத் தாங்களே பணயக்கைதி ஆனார்கள் என்பதே என் கருத்து. 2023 தொடக்கத்தில் மத்திய அரசு இம்முறையைக் கைவிட்டு, மூடிய உறையில் ஒரே முறை விலை கோரும் வழக்கத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது.

விலை இவ்வளவு தாழ்ந்தால் எல்லாரும் மிக நல்ல காற்று வீசும் இடத்தையே தேடுவார்கள். நாடு முழுவதற்குமான ஏலம் என்று பெயர் இருந்தும், திட்டங்கள் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் வந்து குவிந்தன. பிற மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்கு எங்கள் நிலம் எதற்கு என்று குஜராத் அரசு நிலம் ஒதுக்க மறுத்ததில் பல திட்டங்கள் முடங்கின. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து போகிறவர்கள், நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் 225, 250 கிலோவாட் திறனே உள்ள பழைய சிறிய இயந்திரங்கள் பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். நிலமும் துணைமின் நிலையத்தில் இணைப்பும் உறுதியாகாமல் ஏலம் விடக் கூடாது. மாநிலவாரியாகப் பிரித்து விடுவதும் நல்லது.

புதிய ஏல விலையை அளவுகோலாக வைத்துப் பழைய ஒப்பந்தங்களைத் திருத்த முயல்வது இன்னொரு தவறு. 2019இல் ஆந்திர அரசு, 4 ரூபாய் 80 பைசாவுக்கு மேல் ஒப்புக்கொண்டிருந்த காற்றாலை விலையை 2.43 ரூபாய்க்குக் குறைக்க முனைந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் பாக்கி நிலுவை ஏறியது. கடன் கொடுத்த வங்கிகள் அஞ்சின.

ஏலத்தில் கேட்கக்கூடிய உச்சவரம்பு விலையை மிகவும் தாழ்த்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 2023 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 44 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். கடலில் ஊன்றும் திட்டம் ஒன்றுகூட ஏலத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்துக்கு அது 73 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

எந்த நேரத்தில் மின்சாரம் வரும் என்பதைக் கேட்காமல் யூனிட் விலையை மட்டும் ஒப்பிடுவதும் பிழையே. தமிழ்நாட்டில் காற்றுக்காலம் மே முதல் செப்டம்பர் வரைதான். ஜூன் நள்ளிரவில் வரும் யூனிட்டும் ஜனவரி மாலை ஏழு மணிக்கு வேண்டியிருக்கும் யூனிட்டும் ஏலத் தாளில் ஒரே விலை பெறுகின்றன. காற்று, சூரியஒளி, சேமிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, மின்தேவை மிகும் உச்சநேரத்தில் தர வேண்டும் என்று கேட்ட 2020 ஜனவரி ஏலத்தில், மற்ற நேரத்து யூனிட்டுக்கு 2.88 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்க, உச்சநேர யூனிட்டுக்குக் கேட்கப்பட்ட மிகக் குறைந்த விலையே 6.12 ரூபாய்.