சின்ன ஃபுல் ஃபிரேம் கேமரா: எடை, வசதி, விலைக் கணக்கு போடுவது எப்படி

ஃபுல் ஃபிரேம் என்றால் 36 x 24 மி.மீ. சென்சார் கொண்ட கேமரா. அவற்றில் சின்ன பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) கொண்ட சோனி ஏ7சி 2 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 514 கிராம். அதே 33 மெகாபிக்சல் கொண்ட ஏ7 மார்க் 4 என்ற பெரிய பாடி 658 கிராம். வித்தியாசம் 144 கிராம். இரண்டிலும் 695 கிராம் எடையுள்ள 24-70 எஃப் 2.8 ஜிஎம் 2 லென்ஸை மாட்டினால் ஒன்று 1209 கிராம், மற்றது 1353 கிராம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதே ஏ7சி 2-இல் 173 கிராம் எடையுள்ள 40 மி.மீ. எஃப் 2.5 லென்ஸைப் போட்டால் மொத்தம் 687 கிராம்தான். சாதாரணத் தோள்பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள், பாடியை அப்புறம் பாருங்கள். கனமான லென்ஸ்தான் வேண்டும் என்றால் சின்ன பாடிக்காக வசதிகளை விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

லென்ஸ் ஏன் சுருங்குவதில்லை

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் வந்ததும் பாடி மெலிந்தது. கேனனின் பழைய இஎஃப் மவுண்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ. இடைவெளி இருந்தது. சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ. ஆனால் 36 x 24 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அந்த வட்டம் முழுவதையும் லென்ஸ் ஒளியால் நிரப்பியே ஆக வேண்டும். பாடி எவ்வளவு மெலிந்தாலும் இந்த அளவு மாறாது.

இன்னொரு கணக்கும் உண்டு. குவியத் தூரத்தை (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் ஒளித்துளை விட்டம் கிடைக்கும். 85 மி.மீ. எஃப் 1.4 என்றால் 61 மி.மீ. 40 மி.மீ. எஃப் 2.5 என்றால் 16 மி.மீ. லென்ஸைச் சின்னதாக்க விரும்புகிறவருக்கு இரண்டே வழிதான்: குவியத் தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஒளித்துளையைக் குறுக்க வேண்டும். உற்பத்தியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சோனியின் 28-60 எஃப் 4-5.6 வெறும் 167 கிராம். கேனனின் ஆர்எஃப் 28 எஃப் 2.8, 120 கிராம். பானாசோனிக்கின் 18-40 எஃப் 4.5-6.3, 155 கிராம். மூன்றும் நல்ல லென்ஸ்கள். இருட்டில் மட்டும் அவற்றிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை சென்சாரைவிட ஏறத்தாழ 2.3 மடங்கு பெரிய பரப்பு கொண்டது. அதனால் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரு மடங்கு ஒளிக்கு, சற்று அதிகம். குறைந்த ஒளி வாங்கும் ஜூமை மாட்டினால் அந்த ஆதாயம் அப்படியே கரைந்துவிடும். ஏபிஎஸ்-சியில் சிக்மா 18-50 எஃப் 2.8 போட்டால், ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது 27-75 எஃப் 4.2 மாதிரி. ஏ7சி 2-இல் 28-60-ஐ 60 மி.மீ.க்கு இழுத்தால் எஃப் 5.6-தான் கிடைக்கும். அந்த முனையில் ஏபிஎஸ்-சி ஜோடிதான் சுமார் 1.8 மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கிறது. விலையையும் பாருங்கள். அமெரிக்க வெளியீட்டு விலையில் சோனி ஏ6700 என்ற ஏபிஎஸ்-சி பாடியும் அந்த சிக்மா லென்ஸும் சேர்ந்து 1950 டாலர். ஏ7சி 2 லென்ஸ் இல்லாமலே 2200 டாலர். எடையில் மட்டும் ஃபுல் ஃபிரேம் ஜோடி சுமார் 100 கிராம் குறைவு: 681-க்கு எதிராக ஏறத்தாழ 780.

எங்கள் கருத்து இதுதான்: பாடியோடு சேர்த்து விற்கும் கிட் ஜூம் ஒன்றோடு நின்றுவிடப் போகிறவர் ஃபுல் ஃபிரேம் வாங்க வேண்டாம். எஃப் 1.8, எஃப் 2, எஃப் 2.5 என்று ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்கள் ஒன்றிரண்டாவது வாங்குகிறவருக்குத்தான் போட்ட பணம் திரும்பும்.

பாடியில் எதை எடுத்துவிடுகிறார்கள்

பாடி சின்னதாகவோ மலிவாகவோ ஆனால் உள்ளிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. எது போனது, அது உங்களுக்குத் தேவையா என்பதைப் பார்ப்பதே பாதி வேலை.

சென்சாருக்கு முன் திறந்து மூடும் திரையான மெக்கானிக்கல் ஷட்டர்தான் பெரிய இழப்பு. சிக்மா எஃப்பி (2019, 422 கிராம்), பானாசோனிக் எஸ்9 (2024, 486 கிராம்), சிக்மா பிஎஃப் (2025, 446 கிராம்) மூன்றிலும் அது கிடையாது. அதற்குப் பதிலாக உள்ள எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது, அதற்குள் காட்சி நகர்ந்துவிடுகிறது. ஓடும் பேருந்து சாய்ந்து தெரியும், கிரிக்கெட் மட்டை வளையும். ஃப்ளாஷும் அடி வாங்கும். எஃப்பியில் ஃப்ளாஷ் சிங்க் வேகம், அதாவது ஃப்ளாஷோடு வைக்கக்கூடிய உச்ச ஷட்டர் வேகம், 1/30 நொடி. எஸ்9-இன் மேலே இருப்பது மின்தொடர்பு இல்லாத வெறும் ஷூ (ஃப்ளாஷ் செருகும் இடம்), அதில் ஃப்ளாஷே வேலை செய்யாது. பிஎஃப்பில் ஷூவே இல்லை.

மூன்றாவது தொல்லை விளக்குகள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250, 1/500 வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேடை எல்இடி விளக்குகளும் வீடியோ திரைகளும் வேறு வேகத்தில் துடிப்பவை, அவற்றுக்கு 1/100 கூடப் போதாமல் போகலாம். கல்யாண மண்டபம், மேடைக் கச்சேரி, நடனம் எடுக்கிறவர் மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத பாடியைத் தொடவே வேண்டாம். பயணம், தெரு, குடும்பப் படங்கள், வீடியோ என்றால் எஸ்9 நல்ல கேமரா. அதில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரும் இருக்கிறது.

அரைகுறை ஷட்டர் என்று ஒன்று உண்டு. ஏ7சி, ஏ7சி 2, ஏ7சிஆர், கேனன் ஆர்பி, ஆர்8 எல்லாவற்றிலும் முதல் திரை எலக்ட்ரானிக், மூடும் திரை மட்டும் மெக்கானிக்கல். அன்றாட வேலைக்குக் குறை தெரியாது. எஃப் 1.4, எஃப் 1.8 போன்ற அகலத் திறப்பில் 1/2000-க்கு மேல் போனால், பின்னணியில் இருக்கும் ஒளிவட்டங்கள் ஒரு பக்கம் வெட்டினாற்போல் ஆகும். இந்த முறையில் உச்ச வேகமும் 1/4000-தான். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8 வைத்தால் சுமார் 1/8000 தேவைப்படும். எஃப் 2.5 என்றால் 1/4000-இல் சரியாக முடியும். அகலத் திறப்பில் வெயிலில் உருவப்படம் எடுக்கிறவர் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றை லென்ஸோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும், அதுவே இந்த இரண்டு தொல்லைக்கும் மருந்து. ஆள் அசையாமல் நிற்கிறார் என்றால் முழு எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறியும் சமாளிக்கலாம்.

ஸ்டெபிலைசர் இல்லாத பாடிகளில் முக்கியமானது கேனன் ஆர்8. 2023-இல் 1500 டாலருக்கு வந்தது, 461 கிராம், வேகமான ஃபோகஸ், சென்சாரின் முழு அகலத்தில் 4கே 60 (நொடிக்கு 60 ஃபிரேம்) வீடியோ. அந்த விலைக்கு இவ்வளவு தந்ததற்கு ஈடாகக் கேனன் இரண்டை எடுத்துவிட்டது. ஒன்று பாடி ஸ்டெபிலைசர், மற்றது பேட்டரி. ஸ்டெபிலைசர் இல்லாததால், அசையாத பொருளுக்கும் 50 மி.மீ. லென்ஸில் 1/100-க்குக் கீழே இறங்குவது ஆபத்து. ஏ7சி 2-இல் அதே லென்ஸை 1/10 நொடிக்கு நம்பிக்கையோடு பிடிக்கலாம். ஆர்எஃப் 35 எஃப் 1.8, 24-50, 24-105 போன்ற லென்ஸ்களுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. 28 எஃப் 2.8, 50 எஃப் 1.8 ஆகியவற்றில் இல்லை. ஆர்8 வாங்குகிறவர் லென்ஸ் பெயரில் ஐஎஸ் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். கோயில் பிராகாரம், அருங்காட்சியகம் போன்ற அசையாத, இருட்டான இடங்களில்தான் இந்த வித்தியாசம் முழுதாகத் தெரியும். ஓடியாடும் குழந்தைகளுக்கு எப்படியும் 1/250 வேண்டும், அங்கே ஸ்டெபிலைசர் உதவாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக: ஆர்8-இல் இருக்கும் எல்பி-இ17 சுமார் 7.5 வாட்-அவர், சோனியின் எஃப்இசட்100 16.4 வாட்-அவர். ஆர்8-க்கு உபரி பேட்டரி இரண்டையும் விலைக் கணக்கில் சேருங்கள். ஆர்8-இன் கார்டு இடம் அடியில் பேட்டரிக் கதவுக்குள் இருப்பதால், டிரைபாட் தட்டை மாட்டினால் கார்டை எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் எஃப்பி, எஸ்9, பிஎஃப் மூன்றிலும் இல்லை. நம்மூர் மே மாத வெயிலில் திரையை மட்டும் பார்த்து ஃபோகஸ் சரிபார்ப்பது மிகக் கடினம். 2020-இல் வந்த ஏ7சியில் வியூஃபைண்டர் இருந்தாலும் உருப்பெருக்கம் 0.59 மட்டுமே, ஏ7சி 2-இல் 0.70, ஏ7 மார்க் 4-இல் 0.78. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் கடையிலேயே கண்ணை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கார்டு இடம் இந்தச் சின்ன பாடிகள் எதிலும் ஒன்றுக்கு மேல் கிடையாது. பிஎஃப்பில் கார்டே இல்லை, உள்ளே 230 ஜிபி நினைவகம் மட்டும். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கிறவர் இரண்டு கார்டு இடம் உள்ள பெரிய பாடிக்கே போகட்டும். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சியை ஒரே கார்டை நம்பி எடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் நியாயம் அல்ல. மற்றவர்கள் 256 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி கார்டு நான்கு வாங்கி, நிகழ்ச்சிக்கு நடுவே மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

விலை ஏன் தலைகீழாகப் போகிறது

சின்னது என்றால் மலிவு என்று நினைப்பது இயல்பு. இங்கே அப்படி இல்லை. வசதிகளை எடுத்துவிட்டுச் சின்னதாக்கினால் விலை இறங்குகிறது: வெளியீட்டு விலையில் எஸ்9, ஆர்8 இரண்டும் 1500 டாலர். வசதிகளை வைத்துக்கொண்டே சின்னதாக்கினால் ஏறுகிறது: ஏ7சி 2, 2200 டாலர், 61 மெகாபிக்சல் ஏ7சிஆர், 3000. லென்ஸோடு சேர்த்தே சின்னதாக்கினால் எகிறுகிறது. சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3 (2025) கழற்ற முடியாத 35 மி.மீ. எஃப் 2 லென்ஸையும் சேர்த்து 498 கிராம், வெளிவந்தபோது விலை 5100 டாலர். அதிலும் ஸ்டெபிலைசர் இல்லை, திரை மடங்காது. லைகா க்யூ3, 28 மி.மீ. எஃப் 1.7 லென்ஸோடு 743 கிராம், 2023-இல் வெளிவந்தபோது 5995 டாலர். ஏ7சி 2-இல் 40 எஃப் 2.5 மாட்டினால் க்யூ3-ஐவிட எடையும் குறைவு, விலையும் பாதிதான். எஃப் எண்ணில் மட்டும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் பின்தங்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. கைவசம் உள்ள கேமராவிலோ போனிலோ பிடித்த 100 படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் குவியத் தூரத்தையும் பாருங்கள். முக்கால்வாசி 35 மி.மீ.யைச் சுற்றியே இருந்தால் ஒரு பிரைம் லென்ஸ் போதும். 85-க்கு மேல் நிறைய இருந்தால் சின்ன பாடி உங்களுக்கு இல்லை.

2. பாடி, லென்ஸ்கள், உபரி பேட்டரி, வார் எல்லாவற்றின் எடையையும் கூட்டுங்கள். அதே எடைக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி (1 லிட்டர் 1 கிலோ), பையில் போட்டு ஒரு நாள் சுமந்து பாருங்கள். தோள் பதில் சொல்லிவிடும்.

3. அட்டையில் கேமராவின் அளவை வெட்டுங்கள். ஏ7சி 2 என்றால் 124 x 71 மி.மீ., தடிமன் 63. அதோடு லென்ஸ் நீளத்தைச் சேர்த்து ஒட்டி, எந்தப் பையில் போகிறது என்று பாருங்கள். தடிமனைத் தீர்மானிப்பது எப்போதும் லென்ஸ்தான்.

4. கடையில், வாங்கப் போகும் லென்ஸிலேயே கனமானதை மாட்டி 10 நிமிடம் ஒரே கையில் பிடித்திருங்கள். உயரம் குறைந்த பாடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, 500 கிராமுக்கு மேலான லென்ஸில் மணிக்கட்டு வலிக்கும். அடியில் மாட்டும் கூடுதல் பிடி தீர்வுதான், ஆனால் மிச்சம் பிடித்த உயரத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடும்.

5. கடையின் எல்இடி விளக்கின் கீழ் எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/50, 1/100, 1/500 என்று மூன்று படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே கதவு நிலையை எடுங்கள். நிலை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சாய்வு உங்கள் படங்களிலும் வரும்.

6. பழைய பாடி என்றால் எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துத் தூசிப் புள்ளிகள் பாருங்கள். ஸ்டெபிலைசரைப் போட்டும் அணைத்தும் 1/10 நொடியில் ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் பழுது.

7. வீடியோ நீளமாக எடுப்பவர் 4கே 60-இல் தொடர்ந்து 20 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சின்ன பாடியில் சூடு வெளியேற இடம் குறைவு. சோனி மெனுவில் தானாக அணையும் வெப்பநிலையை உயர் நிலைக்கு மாற்றி, திரையைப் பின்புறத்திலிருந்து விலக்கி வைத்தால் கூடுதல் நேரம் ஓடும். ஏ7சி 2-இல் 4கே 60 சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துவதால் 24 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. மாதிரி ஆகிவிடும். அகலமான காட்சி வேண்டுமானால் இன்னொரு லென்ஸ் செலவு காத்திருக்கிறது.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாடி மலிவாகக் கிடைத்தால், அந்த வரிசை எண்ணுக்கு உள்ளூர் சேவை மையம் உத்தரவாதம் தருமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

பணம் இறுக்கம் என்றால் பழைய ஏ7சியும் ஒரு நல்ல பிரைம் லென்ஸும் இன்றைக்கும் சரியான தொடக்கம். அதில் முன்பக்க டயல் கிடையாது, வியூஃபைண்டர் சின்னது. ஆனால் ஷட்டர், ஸ்டெபிலைசர், பெரிய பேட்டரி மூன்றும் 509 கிராமுக்குள் இருக்கின்றன.