கோயில், அரசு, அரசியலமைப்பு: வாதத்தில் வழுக்கும் இடங்கள்

தேர்தல் நெருங்கினால் போதும், சென்னையில் டீக்கடை தொடங்கி குடும்ப வாட்ஸப் குழு வரை ஒரே கேள்வி: "மதச்சார்பற்ற அரசுக்குக் கோயிலில் என்ன வேலை? நுங்கம்பாக்கத்தில் அறநிலையத்துறை எதற்கு?" நியாயமான கேள்விதான். பதில்களில்தான் கோளாறு.

அமெரிக்கா மாதிரி இங்கும் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் உண்டு என்று பலர் தொடங்குகிறார்கள். அந்தச் சுவர் அமெரிக்க அரசியலமைப்பிலேயே எழுதப்படவில்லை; 1802இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் எழுதிய ஒரு கடிதத்தில் வருகிறது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைக் கொடுத்த கையோடு, மத வழக்கத்தை ஒட்டிய பொருளாதார, நிதி நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்த அரசு சட்டம் இயற்றலாம் என்றும் சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்துக்கு வலு சேர்ப்பது இதுதான்.

உடனே எதிர்த்தரப்பு, "அப்படியானால் அரசு எதுவும் செய்யலாம்" என்று துள்ளும். முடியாது. 1954 ஷிரூர் மடம் வழக்கைப் பாருங்கள். அந்த மடம் இருக்கும் உடுப்பி அப்போது மதராஸ் மாநிலத்தில் இருந்தது. 1951ஆம் ஆண்டு மதராஸ் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து மடாதிபதி வழக்குப் போட்டார். எந்தச் சடங்கு அவசியம் என்பதை அந்தச் சமயத்தாரே முடிவு செய்வார்கள், வெளியார் தலையிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சொத்து நிர்வாகத்தைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தலாம். ஆனால் மொத்தமாகப் பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுத்தால், மதப் பிரிவினர் தம் சொத்தைத் தாமே நிர்வகிக்க உரிமை தரும் 26ஆம் பிரிவு மீறப்படும். அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாமல் போயின, மற்றவை நின்றன. இரு தரப்பும் தமக்குப் பிடித்த பாதியை மட்டுமே படிக்கிறார்கள்.

அரசுப் பணம் ஒரு பைசாகூட மதத்துக்குப் போகக் கூடாது என்பவரிடம் 290ஏ பிரிவைக் காட்டுங்கள், முகம் மாறும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்காக, தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தரச் சொல்கிறது அது. 27ஆம் பிரிவு தடுப்பது, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டச் சொல்லி வற்புறுத்துவதை.

1976இல்தான் மதச்சார்பின்மை வந்தது என்பதும் தவறு. 42ஆவது திருத்தம் அந்தச் சொல்லை அரசியலமைப்பின் முகவுரையில் சேர்த்தது, அவ்வளவே. மதச் சுதந்திரம் பற்றிய 25 முதல் 28 வரையான பிரிவுகள் 1950 முதலே இருக்கின்றன.

பள்ளிக்கூடச் சண்டைக்கும் ஒரு வரி: மதபோதனைக்கு முழுத் தடை, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில்தான். அரசு உதவி பெறும் பள்ளிகளில் நடத்தலாம்; மாணவர் மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதமின்றி உட்கார வைக்க முடியாது.