காட்டுக்குள் பழைய நிலக்கரிக் குழிகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குத் தெற்கே மிடில்டன் பார்க் என்றொரு பழங்காடு. 1758-ல் பாராளுமன்றச் சட்டத்தின் அனுமதியோடு போடப்பட்ட முதல் ரயில்பாதை, இந்தப் பக்கத்து நிலக்கரியை லீட்ஸுக்குக் கொண்டுபோகத்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே கரி தோண்டியிருக்கிறார்கள். வயலில் இருந்த குழிகளை ஏர் அழித்துவிடும். மரங்களுக்கு நடுவே இருந்தவை தப்பிவிட்டன.

படி 1: வீட்டிலேயே தொடங்குங்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லைடார் அளவீடுகளை இலவசமாகத் தருகிறது. விமானத்திலிருந்து பாயும் லேசர் கதிர்களில் சில இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொடும். அளவீட்டிலிருந்து மரங்களைக் கழித்துவிட்டால் தரையின் மேடுபள்ளம் தெரியும். வட்டங்கள் கொத்தாகத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். பெரணி வளர்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது மேடுகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

படி 3: குழியைவிட விளிம்பை நன்றாகப் பாருங்கள். முக்கியமான படி இதுதான். குறுகலான குழியை இறக்கி, கரிப்படுகை வந்ததும் அடியில் சுற்றிலும் குடைவார்கள். கூரை சரியும் என்று தோன்றினால் கைவிட்டு, பக்கத்திலேயே அடுத்ததைத் தோண்டுவார்கள். இதைத்தான் பெல் பிட் என்பார்கள். மேலே ஏற்றிய மண்ணைக் குழியைச் சுற்றியே கொட்டியதால், இன்று அது பெரிய உளுந்து வடை போலக் கிடக்கிறது: நடுவில் பள்ளம், சுற்றி மேடு. வேரோடு சாய்ந்த மரத்தின் பள்ளத்துக்கு ஒரு பக்கம்தான் மேடு இருக்கும். கல் குவாரிக்கு வண்டி போக ஒரு பக்கம் திறந்திருக்கும். பக்கத்திலேயே சமதளமான வட்டம் இருந்தால், குதிரை சுற்றிவந்து கரியை மேலே இழுத்த இடமாக இருக்கலாம்.

படி 4: முயல் வளை, பிடுங்கிய வேர் இருக்கும் இடங்களில் மண்ணைப் பாருங்கள். சாம்பல் நிறம் கலந்த கறுப்புக் களிக்கல்லும், பளபளக்கும் கட்டித் துண்டுகளும் கிடந்தால் நிலக்கரி. துண்டில் மரத்தின் வளையம் தெரிந்தால் அது மரக்கரி. கரி சுட்ட மேடையாக இருக்கலாம்.

பள்ளத்துக்குள் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். மரப்பலகை போட்டு மேலே மண் மூடிய வாய்கள் திடீரென உள்வாங்கும். தோண்டவும் கூடாது, இடம் பாதுகாக்கப்பட்டதா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற தொல்சின்ன அமைப்பின் பட்டியலில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 5: விளிம்புக்கு விளிம்பு அகலம், ஜிபிஎஸ் இடக்குறி, அளவுகோலோடு ஒரு படம். மூன்றையும் அந்த வட்டாரத்தின் தொல்லியல் பதிவேட்டுக்கு அனுப்புங்கள்.