குறிப்பிட்ட நீளமும் எழுத்துகளும் கொண்ட ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆறு எழுத்துகள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல் வேண்டும், அதில் ஜி, எச், டி ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும் என்று ஒரு புதிர் கேட்கிறது என வைத்துக்கொள்வோம். ‘எனினும்’ என்று பொருள்படும் ‘தோ’ அதற்குச் சரியான விடைகளுள் ஒன்று. தமிழில் எழுதினால் ஓரெழுத்தில் அடங்கிவிடும் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள் செலவாகின்றன. ஒலிப்பதையே எழுதிப் பழகிய நமக்கு இந்த இடத்தில்தான் சறுக்கல் நேர்கிறது. சொல்லைக் காதால் தேடாமல் கண்ணால் தேடப் பழகுவதே முதல் வேலை. (இக்கட்டுரையில் ‘டி’ என்று வருவதெல்லாம் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தையே குறிக்கும், நான்காம் எழுத்தைத் தமிழில் வேறுபடுத்தி எழுத வழியில்லாததால் அதை எடுத்துக்காட்டுகளில் தவிர்த்திருக்கிறேன்.)

தேடத் தொடங்குமுன் கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கொடுத்த எழுத்துகள் ‘இருக்க வேண்டும்’ என்பதும், அவை ‘மட்டுமே இருக்க வேண்டும்’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஓர் எழுத்துக்கு இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா, ஒரே எழுத்து இருமுறை வரலாமா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து ஆறு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். மூன்று வெவ்வேறு எழுத்துகளை ஆறு கட்டங்களில் 120 விதமாக அமர்த்தலாம். எஞ்சிய மூன்று கட்டங்களை 26 எழுத்துகளால் நிரப்ப 17,576 வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். ஆனால் ஆங்கில மெய்யெழுத்துகள் கண்டபடி கூட்டுச் சேர்வதில்லை. எந்த எழுத்து எதனோடு, சொல்லின் எந்தப் பகுதியில் சேரும் என்பதற்குப் பழகிய தடங்கள் இருக்கின்றன. ஆகவே எழுத்துகளைத் தனித்தனியாக அல்லாமல் கொத்தாக அமர்த்த வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் முதலில் கண்ணில் படுவது ஜி-எச்-டி என்ற கொத்து. அது பெரும்பாலும் சொல்லின் இறுதியில் நிற்கும்; அதற்கு முன் ஐ, ஈ-ஐ, ஏ-யூ, ஓ-யூ ஆகியவற்றுள் ஒன்று வரும். ஐ வந்தால் முன்னால் இரண்டு மெய்களுக்கு இடமிருக்கும்: பிரைட், ஃப்ளைட், ஃப்ரைட், ஸ்லைட், பிளைட், கே என்ற ஒலியாத எழுத்தில் தொடங்கும் நைட். ஈ-ஐ வந்தால் வெயிட், ஹைட்; ஏ-யூ வந்தால் காட், டாட்; ஓ-யூ வந்தால் பாட், ஃபாட், சாட். கொத்து முடிந்தபின் பன்மை எஸ் சேர்த்தால் லைட்ஸ், நைட்ஸ், ரைட்ஸ் என்று இன்னொரு வரிசை திறக்கிறது.

பிறகு கொத்தை உடைத்துப் பாருங்கள். டி-எச் இறுதியில் நின்று ஜி முன்னால் போனால் லெங்த், குரோத். நடுவில் நின்றால் கேதர், காதிக். தொடக்கத்தில் நின்றால் திங்ஸ், மேலே சொன்ன ‘தோ’. ஐ-என்-ஜி என்ற விகுதியை ஒட்டினால் ஹேட்டிங். விகுதிகளை மறந்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. கொடுத்த எழுத்துகளில் ஜி, ஆர், எஸ் போன்றவை இருந்தால் ஐ-என்-ஜி, ஈ-ஆர், பன்மை எஸ் ஆகியவற்றை இறுதியில் வைத்துப் பார்த்தாலே கட்டங்களில் பாதி நிரம்பிவிடும்.

பல எழுத்துகள் தரப்பட்டிருந்தால் அவற்றுள் மிக அரிதானதிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆல்ஃபிரட் பட்ஸ் உருவாக்கியபோது, செய்தித்தாளில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளைப் பகிர்ந்தார். அதனால்தான் ஆங்கிலப் பதிப்பின் 100 வில்லைகளில் ஈ எழுத்துக்கு 12 வில்லைகளும், க்யூ, இசட் இரண்டுக்கும் ஒவ்வொரு வில்லையும் கிடைத்தன. ஈ இருக்கிறது என்ற செய்தியால் ஒன்றும் குறையாது. க்யூ இருக்கிறது என்றாலோ அடுத்த கட்டத்தில் யூ, அதற்கடுத்து இன்னோர் உயிர் என்று பெரும்பாலும் மூன்று கட்டங்கள் தாமாகவே தீர்ந்துவிடும். உயிரெழுத்தே பொருந்தவில்லை என்றால் ஒய் எழுத்தை முயலுங்கள். ரிதம், கிரிப்ட், லிம்ஃப் ஆகிய சொற்களில் ஐந்து உயிர்களில் ஒன்றுகூட இல்லை.

‘மட்டுமே’ என்ற கேள்விக்கு முறை வேறு. ஏ, ஈ, எல், எஸ், டி ஆகிய ஐந்தையும் வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசை கண்ணைக் கட்டிப்போடும், வட்டம் அவிழ்த்துவிடும். ஸ்லேட், லீஸ்ட், டேல்ஸ், பழையது எனப் பொருள்படும் ஸ்டேல், திருடுவதைக் குறிக்கும் ஸ்டீல் ஆகிய ஐந்தும் 120 வரிசை மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. கணினிக்கு இது எளிது: அகராதியின் ஒவ்வொரு சொல்லிலும் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தி வைத்தால், இந்த ஐந்து சொற்களும் ஒரே வடிவமாகிவிடும்.

கணினியில் சொற்பட்டியல் கோப்பு இருந்தால், கோப்பின் வரிகளில் தேடித் தரும் கிரெப் (grep) என்ற கட்டளை போதும். ^......$ என்ற கோலம் சரியாக ஆறு எழுத்துகள் கொண்ட வரிகளை மட்டும் விடும். அதன் விளைவை ஜி, எச், டி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை மீண்டும் சலித்தால் விடைப்பட்டியல் கைக்கு வந்துவிடும். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொற்களை மட்டும் கழித்துவிடுங்கள். பட்டியல் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்க எழுத்துக்கூட்டலா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ முன்னதில் ஆறு எழுத்து, பின்னதில் ஐந்தே எழுத்து.